ஆறுச்சாமியின் வேண்டுதலும் அக்காவின் தலைமுடியும்

முருகன் துணை

சோமனூர்
12.5.2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி ஆறுச்சாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் பாலாமணியும் பிள்ளைகளும் சுகம். உன் சுகத்துக்குப் பழநி ஆண்டவன் பொறுப்பு.

போன மாதம் உன்னைக் குன்னூர் பராமரிப்பு இல்லத்தில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கை கால் பழக்கிவிட ஆள் இருக்கிற இடம்தான் வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் விட்டேன். போனில் பேசலாமென்றால் தறிச் சத்தம் என் காதைத் தின்று ரொம்ப நாளாகிறது. உனக்கோ பக்கவாதம் வந்ததில் பேச்சு நின்று நின்று வருகிறது. காது போன தம்பிக்கும் வாய் தடுமாறும் அக்காவுக்கும் நடுவில் தபால்காரர்தான் கதி. சின்னவன் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறான். அவன் போனில் அனுப்பினால் வீடே கூடி உட்கார்ந்து படிக்கும்.

முக்கியமான சங்கதி ஒன்று. தை மாதம் நீ கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாயே, டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் வராண்டாவில் நின்று, "சாமி, எங்கக்கா பொழச்சு எந்திரிச்சா அவ தலமுடிய உன்ற மலையில எறக்கறேன்" என்று வேண்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் நீ கண் திறந்தாய். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆனி மாதம் பழநிக்குப் போய் உனக்கு முடியிறக்கிவிட்டு வந்துவிடலாம். வேனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு எந்த நாள் தோது என்று மட்டும் எழுது.

இப்படிக்கு
தம்பி ஆறுச்சாமி

*

குன்னூர்
29.5.2025

அன்புத் தம்பிக்கு அக்கா சுசீலாவின் ஆசிகள். நான் முன்னைக்கு நலம். பாலாமணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கையெழுத்தைப் பார்த்து மிரளாதே. வலது கை இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுவது சுமலதா. மனதுக்குள் எல்லாம் தறி மாதிரி ஓடுகிறது, வாய்க்கு வரத்தான் நேரமாகிறது. அவள் என் வார்த்தைகளைப் பொறுக்கிக் கோத்து, படித்துக் காட்டி, நான் தலையாட்டிய பிறகே எழுதுகிறாள். இந்த ஒரு தாளுக்கு நாலைந்து நாள் ஆகிவிட்டது.

இவள் நர்ஸ் இல்லை, நர்சிங் உதவியாளர். ஊசியும் மருந்தும் நர்சின் வேலை. என்னைக் குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது, கழிவறைக்குக் கூட்டிப்போவது, நடக்க வைப்பது எல்லாம் இவள். குளிக்கும்போது கதவைச் சாத்திவிட்டுத்தான் சேலையில் கை வைப்பாள். இதெல்லாம் ஒரு பெருமையா என்று நினைப்பாய். ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் திறந்த கதவுக்கு எதிரே கிடந்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். இந்தப் பெண்ணை எனக்குக் கொடுத்த புண்ணியவான் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, "என்னப் பத்தி நானே எழுதுனா நல்லாவாம்மா இருக்கும்?" என்கிறாள். நான் முறைத்தேன். எழுதிவிட்டாள்.

இங்கே ஒரே குறை தேநீர். தேயிலை ஏலக் கம்பெனி ஆபீசில் காலம் தள்ளியவளுக்கு, ஏலத்தில் யாரும் சீந்தாத தூளைக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். வாய் சரியானதும் முதல் சண்டை அதற்குத்தான்.

அன்புடன்
அக்கா

*

முருகன் துணை

சோமனூர்
8.6.2025

அன்புள்ள அக்காவுக்கு ஆறுச்சாமி எழுதுவது. எல்லோரும் சுகம். பாலாமணிக்கு முழங்கால் பரவாயில்லை. காலைப் பலகாரத்துக்குச் சந்தகை பிழியும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறாள்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். ஆனால் நாள் எழுத மறந்துவிட்டாயே. இல்லத்து மேனேஜர் ராஜரத்தினம் சாரிடம் சின்னவனைப் பேசச் சொன்னேன். இப்போது உன்னை மலை இறக்குவது நல்லதல்ல என்றாராம். அப்படியானால் வேறு வழி பார்க்க வேண்டும்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த நோய் ரெண்டாம் தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியாது. வேண்டுதலைத் தள்ளிப்போட்டு, சாமி மறுபடி ஞாபகப்படுத்தும்படி வைக்கலாமா? முடி போனால் முளைக்கும். நீ போனால் எனக்கு யார்? உடனே பதில் போடு.

தம்பி
ஆறுச்சாமி

*

குன்னூர்
27.6.2025

அன்புத் தம்பிக்கு ஆசிகள். நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

பாலாமணி இனிப்பாகச் சுட்டு அனுப்பிய கச்சாயம் வந்து சேர்ந்தது. எனக்கு விழுங்கும்போது புரையேறும் என்பதால் நர்ஸ் கூடாது என்றாள். சுமலதா அவளிடம் போய்ப் பேசி, பாலில் ஊறவைத்து மசித்துக் கொடுக்கச் சம்மதம் வாங்கிக்கொண்டு வந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். பாலாமணியின் கையை நாக்கு மறக்கவில்லை. அவளுக்கு என் நன்றியைச் சொல்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்து வராண்டா வரை நடக்கிறேன். எதிர்ச் சரிவில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு கொழுந்து பறிக்கிறார்கள். சுமலதாவின் அம்மாவும் தேவர்சோலைப் பக்கம் எஸ்டேட்டில் அப்படித்தான் பறித்தாளாம். சிலோனிலிருந்து கப்பலில் வந்த குடும்பம்.

வேறு விசேஷமில்லை.

அக்கா

*

முருகன் துணை

சோமனூர்
7.7.2025

அன்புள்ள அக்காவுக்கு, சுகம், சுகமறிய ஆவல்.

ரெண்டு கடிதத்திலும் வேண்டுதலைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சின்ன வயசிலும் நீ அப்படித்தான், ஒரு காரியத்துக்குச் சரி என்று வாய் திறந்து சொல்ல மாட்டாய்.

உன்னை அலைக்கழிக்காமல் ஏற்பாடு செய்துவிட்டேன். வரும் 16ஆம் தேதி புதன்கிழமை குன்னூர் பஜாரிலிருந்து நாவிதரை ராஜரத்தினம் சார் இல்லத்துக்கே வரவழைக்கிறார். சம்மதக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். முடியை மஞ்சள் துணியில் கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். சின்னவன் வந்து வாங்கிக்கொள்வான். ஆடிக் கிருத்திகைக்கு நானே கொண்டுபோய்ப் பழநியில் செலுத்திவிடுவேன். நீ படுத்த இடத்தை விட்டு அசைய வேண்டியதில்லை. தலைக்குக் குளிராமல் இருக்கப் பாலாமணி கம்பளிக் குல்லாய் ஒன்று வாங்கி அனுப்புகிறாள்.

தம்பி
ஆறுச்சாமி

*

குன்னூர்
18.7.2025

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, நர்சிங் உதவியாளர் சுமலதா வணக்கத்துடன் எழுதுகிறேன். அம்மா நலமாக இருக்கிறார். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டால் மீதியை நீங்கள் நிதானமாகப் படிப்பீர்கள்.

புதன்கிழமை நடந்ததற்கு நான்தான் காரணம். மற்றவர்கள் சொல்லித் தெரிவதைவிட நானே எழுதுவது முறை.

உங்கள் கடிதங்களை நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். வேண்டுதல் வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார். பதிலில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததை நான் எழுத முடியாது. புதன்கிழமை வரப்போவதைப் படித்தபோது கையால் தாளைத் தள்ளிவிட்டார். அப்போதே மேனேஜரிடம் சொன்னேன். "தம்பி பாத்துக்குவாரு, நீ உன் வேலையப் பாரு" என்றார்.

நாவிதர் வந்து கட்டில் பக்கத்தில் துணியை விரித்தார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், இடது கையால்.

"கொஞ்சம் இருங்க சார். அம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்குவோம்" என்றேன்.

"கூடப் பொறந்தவரே கையெழுத்துப் போட்டுட்டாரு. அப்புறம் என்ன கேக்கறது?"

"தல அம்மாவோடதுங்களே சார்."

"அவங்களுக்குத்தான் பேச்சு வராதே."

"வரும் சார். நாமதான் நிக்கணும்."

எல்லோரும் நின்றோம். மேனேஜர் வெளியே போய் ஒரு போன் பேசிவிட்டு வந்தார். அம்மாவின் வாய் கோணிக் கோணி ஏதோ தேடியது. நெற்றியெல்லாம் வேர்வை. கடைசியில் "வேண்டாம்" என்றார். தெளிவாக, சத்தமாக. நாவிதர் துணியை மடித்துவிட்டார். "வேணாங்கறவங்க தலைல கத்தி வெக்கமாட்டனுங்க. சாமியும் அத ஏத்துக்காதுங்க" என்று போய்விட்டார்.

ஐயா, உங்கள் வேண்டுதலுக்கு நான் எதிரி இல்லை. எங்கள் எஸ்டேட் லய வீடுகளிலும் மாரியம்மனுக்கு நேர்ந்துதான் பிள்ளைகளை வளர்த்தார்கள். ஆனால் எங்களுக்குப் பயிற்சியில் முதல் நாள் சொன்ன பாடம், படுக்கையில் இருப்பவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தலையணை மாற்றுவதற்கும் அதேதான். அம்மாவுக்குச் சொல்லத் தெரிகிறது. சொல்லவும் செய்தார். தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

பணிவுடன்
சுமலதா

*

சோமனூர்
25.7.2025

சுமலதா அம்மணிக்கு ஆறுச்சாமி எழுதுவது.

நீ என் அக்காவை நன்றாகப் பார்த்துக்கொண்டாய். அதற்கு உனக்கு ஆயுசுக்கும் நன்றி. ஆனால் எங்கள் குடும்பத்துக்கும் பழநி ஆண்டவனுக்கும் நடுவில் வந்து நிற்க நீ யார்? ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று அழுதது நீ இல்லை, நான். நாளைக்கு அக்காவுக்கு ஏதாவது ஒன்று ஆனால், வேண்டாம் என்று சொல்ல வைத்தவள் என்று உன் மனசு உன்னைக் கேட்காதா?

மேனேஜருக்கும் எழுதியிருக்கிறேன். என் அக்காவின் காரியத்துக்கு வேறு ஆளைப் போடும்படி.

ஆறுச்சாமி

*

குன்னூர்
21.8.2025

அன்புத் தம்பிக்கு அக்கா சுசீலா. உயிரோடு இருக்கிறேன்.

இதை எழுதுவது தேவி. புதிய பெண், நல்லவள். சுமலதாவை உன் புகாரின் பேரில் மேல்மாடிக்கு மாற்றிவிட்டார்கள். விளக்கம் கேட்டு மெமோவும் கொடுத்திருக்கிறார்கள். தேவிக்கு என் பேச்சு பழக இத்தனை நாளாகிவிட்டது. அதனால்தான் கடிதம் தாமதம். கோபத்தில் நிறுத்திவிட்டேன் என்று நினைத்திருப்பாய். கோபமும் இருந்தது.

ஆறுச்சாமி, உனக்குப் பிடிக்காததை எழுத எனக்கு மனசு வராமல்தான் ரெண்டு கடிதத்தையும் தேநீராலும் கச்சாயத்தாலும் மழையாலும் நிரப்பினேன். நீ அதைச் சம்மதம் என்று படித்துவிட்டாய். பேச்சு வராதவள் சும்மா இருந்தால் அதற்குச் சம்மதம் என்று யாராவது பொருள் சொல்வார்களா, மடையா?

தையிலிருந்து சித்திரை வரை என்னைத் தூக்கினார்கள், புரட்டினார்கள், துடைத்தார்கள், மூக்கில் குழாய் விட்டார்கள். உயிரைக் காப்பாற்றினார்கள், கும்பிடுகிறேன். ஆனால் ஒருத்தராவது என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லாவற்றையும் உன்னிடம் கேட்டார்கள். நீயும் பதில் சொன்னாய். இந்த இல்லத்தில் சேர்த்ததுகூட உன் தீர்மானம்.

இங்கே வந்த மறுநாள் காலையில் சுமலதா சீப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். "அம்மா, பின்னிவிடட்டுமா, கொண்ட போடட்டுமா?" என்றாள். எனக்கு வார்த்தை வரவில்லை. அவள் தானாக ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. சீப்போடு அப்படியே நின்றாள். நான் திக்கித் திணறி, எச்சில் வழிய, "பின்னல்" என்றேன். நோய் வந்த பிறகு நான் முழுசாகச் சொன்ன முதல் வார்த்தை அது. இருவரும் அழுதோம். அன்றிலிருந்து தினமும் கேட்டாள். பிறகு எந்தச் சேலை என்று கேட்டாள். ஜன்னலைத் திறக்கவா மூடவா என்று கேட்டாள். என் பேச்சு அப்படித்தான் வந்தது, டாக்டர் மருந்தில் மட்டும் வரவில்லை.

இப்போது சொல். அந்த முடியை நீ எடுத்துக்கொண்டு போக நான் எப்படிச் சம்மதிப்பேன்? வயதான காலத்தில் அழகுக்கு ஆசைப்படுகிறாள் என்று நினைத்தாயோ என்னவோ. ஆசை இருந்தாலும் அது என் தலை.

நீ வேண்டிக்கொண்டது அன்பினால் என்று எனக்குத் தெரியும். நீ அழுதாய் என்று சின்னவன் சொன்னான். மறுபடி நோய் வந்தால் வரட்டும். அதற்கு மாத்திரை போடுகிறேன், நடக்கிறேன், உப்பைக் குறைத்திருக்கிறேன். என்னைக் கேட்காமல் என் பெயரில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதே, சாமிக்கும்கூட.

சுமலதாவின் வேலைக்கு ஆபத்து வந்தால் நான் உன்னோடு பேச மாட்டேன். இப்போதுதான் பேச்சு வந்திருக்கிறது, அதை நிறுத்தும்படி செய்துவிடாதே.

அக்கா

*

முருகன் துணை

சோமனூர்
16.9.2025

என் அன்பான அக்காவுக்குத் தம்பி ஆறுச்சாமி. நீ சுகமா? இங்கே சுகம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரெண்டு நாள் தறிக்குப் போகவில்லை. பாலாமணியிடம் கொடுத்தேன். படித்தாள். அவள் என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை, ஆனால் முகம் சொன்னது போதும்.

போன வாரம் பழநிக்குப் போனேன். நேர்ந்தது நான், வாய் என்னுடையது, அப்புறம் தலை மட்டும் எப்படி அக்காவுடையதாகும்? சாமியிடம் இப்படிக் கேட்டுவிட்டு, முடியிறக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். நாவிதர் தண்ணீர் தெளித்து ஏதோ கேட்டார். நான் காதைக் காட்டிக் கையை விரித்தேன். சரி, இந்தச் செவிடனோடு என்ன பேச்சு என்று மழித்துத் தள்ளியிருக்கலாம். பின்னால் அத்தனை கூட்டம். அந்த மனுஷன் எனக்கு எதிரே வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். என் மீசையைத் தொட்டுக் காட்டி, இதையும் எடுக்கட்டுமா என்று புருவத்தைத் தூக்கினார். நான் யோசித்தேன். அவர் கத்தியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். சரி என்று விட்டுவிட்டார்.

அக்கா, எனக்கு அங்கேயே உறைத்தது. முன்பின் தெரியாத ஒரு ஆள் என் மீசைக்குக் கொடுத்த மரியாதையை நான் உன் தலைக்குக் கொடுக்கவில்லை. மொட்டைத் தலையோடு உட்கார்ந்து அழுதேன். பக்தி முற்றிவிட்டது என்று சுற்றி இருந்தவர்கள் கும்பிட்டார்கள்.

ராஜரத்தினம் சாரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வரச் சொல்லிச் சின்னவனை அனுப்பினேன். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். சுமலதா செய்தது சரி, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மெமோவை ரத்து செய்கிறேன் என்று சொன்னாராம். இனி அக்காவைப் பற்றி எது கேட்பதானாலும் முதலில் அக்காவைக் கேளுங்கள், அவர் சொல்லும்வரை நில்லுங்கள் என்றும் எழுதியிருக்கிறேன். சுமலதா அம்மணியிடம் என் வணக்கத்தைச் சொல். அவளை யார் நீ என்று கேட்டேன். என் அக்காவுக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுத்தவள் என்று எனக்கு அப்போது தெரியாது. அவள் அம்மாவுக்குப் பாலாமணி ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறாள்.

இப்போது உன்னைக் கேட்கிறேன். தீபாவளிக்கு இங்கே வந்து நாலு நாள் இருக்கிறாயா? சின்னவன் கார் கொண்டு வருவான். சுமலதாவுக்கு லீவு கிடைத்தால் அவளும் வரட்டும். வருகிறாயா, இல்லையா என்று எழுது. வேன், கார் எதற்கும் நான் இன்னும் சொல்லி வைக்கவில்லை.

தம்பி
ஆறுச்சாமி

*

குன்னூர்
4.10.2025

அன்புத் தம்பிக்கு அக்கா சுசீலாவின் ஆசிகள். நான் சுகம். உன் தலைக்குக் குளிராமல் இருக்கிறதா?

கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், சுமலதா கீழே வந்துவிட்டாள். மேல்மாடியில் உள்ளவர்கள் அவளை விடமாட்டோம் என்று சண்டை பிடித்தார்களாம். உன் மீசைக் கதையை அவள் படித்துக் காட்டியபோது நான் சிரித்த சிரிப்பில் தேவி என்னவோ ஏதோவென்று ஓடிவந்தாள். சிரித்து முடித்து வெகுநேரம் அழுதேன். சுமலதா உனக்குத் திரும்ப வணக்கம் சொல்கிறாள். "ஐயா மேல எனக்கு வருத்தமே இல்லம்மா, அக்காவுக்காக அழற தம்பி எத்தன பேருக்குக் கெடைக்கும்?" என்கிறாள். அதை எழுத மாட்டேன் என்றாள், நான் எழுத வைத்தேன்.

உனக்கு நன்றி, ஆறுச்சாமி. உயிரைத் திரும்பக் கேட்டு வாங்கியதற்கும், இப்போது என்னைக் கேட்டதற்கும்.

தீபாவளிக்கு வரவில்லை. யோசித்துத்தான் சொல்கிறேன். மலை இறங்கும் வளைவுகளை நினைத்தால் இன்னும் தலை சுற்றுகிறது. அங்கே உன் வீட்டுப் படிகளில் எல்லோரும் என்னைத் தூக்கிக்கொண்டு ஏறுவதும் எனக்குப் பிடிக்காது. நானே ஏறுகிற அன்றைக்கு வருகிறேன்.

உனக்கு வருத்தமாக இருக்கும். ஆனாலும் நான் இல்லை என்று சொன்னால் நீ கேட்டுக்கொள்வாய் என்ற தைரியத்தில்தான் இவ்வளவு சுலபமாகச் சொல்கிறேன். பொங்கலுக்கு மறுபடி கேள். அப்போதும் இல்லை என்றால் சித்திரைக்குக் கேள். கேட்பதை மட்டும் விட்டுவிடாதே, தம்பி.

உன் அக்கா
சுசீலா